விரலுக்கும் தெரியும் எளிமை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜப்பானிய வடிவமைப்புக் கட்டுரையில், ‘தேவையற்றதையெல்லாம் நீக்கிவிட்டுக் கண்ணுக்கு இதமான வெள்ளையை மிச்சம் வைப்பதே ஜப்பானியரின் எளிமை’ என்றொரு வரி வந்திருந்தது. தாளை விரலிடையில் தேய்த்தே இத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) என்று சொல்லி 31 ஆண்டுகள் அச்சகத்தில் சம்பளம் வாங்கியவன் என்பதால், என்னால் அந்த வரியைக் கடந்துபோக இயலவில்லை.

ஜப்பானிய வடிவமைப்பாளர் கென்யா ஹாரா வழிகாட்டி அறிவிப்புகளை வடிவமைத்த, ஜப்பானின் உமேதா மருத்துவமனையின் படத்தையும் வெளியிட்டிருக்கிறீர்கள். மகப்பேற்று மருத்துவமனையான அங்கே அறிவிப்புகள் பருத்தித் துணியில் அச்சிடப்பட்டு, தலையணை உறைபோல் கழற்றித் துவைக்கும்படி தைக்கப்பட்டவை. எளிதில் அழுக்காகும் என்று தெரிந்தேதான் அவர் வெள்ளைத் துணியைத் தேர்ந்தெடுத்தார். அதையே வெளுப்பாக வைத்திருப்பவர்கள் மற்றதையும் சுத்தமாக வைத்திருப்பார்கள் என்று வருகிறவர் மனத்தில் படவேண்டும் என்பது கணக்கு. துவைக்கும் கையை மறந்துவிட்டுத் தங்கள் படக்குறிப்பு ‘தூய்மையின் சின்னம்’ என்று முடித்துக்கொண்டது.

அவரே வடிவமைத்த, 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா நிகழ்ச்சி நிரலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பனிபோல் பொசுபொசுவென்றிருக்கும் வெள்ளைத் தாளில் சூடேற்றிய உலோக அச்சை அழுத்தினால், எழுத்து பள்ளமாகப் பதிவதோடு அந்த இடம் பனிக்கட்டிபோல் ஒளி ஊடுருவுவதாகவும் மாறும்படி அது செய்யப்பட்டது. பனியில் பதிந்த காலடியைத் தடவுவதுபோல. கல்யாணப் பத்திரிகைக்கு மினுங்கும் மெல்லிய தகடான ஃபாயிலை அடிக்கையில், டை என்னும் உலோக அச்சின் சூடு சற்றுக் கூடி, எழுத்தெல்லாம் அப்பிப்போய், முதலாளியிடம் ஏச்சு வாங்கியவனுக்கு அந்த ‘எளிமை’க்காக எத்தனை தாள் குப்பைக்குப் போயிருக்கும் என்று தெரியும்.

இது முதல் முறையுமன்று. ஈராண்டுக்கு முன் ஜப்பானியக் கைக்காகிதமான வாஷியை ‘அரிசிக் காகிதம்’ என்று எழுதினீர்கள். அது பெரும்பாலும் கோஸோ என்னும் ஒருவகை முசுக்கட்டைச் செடியின் பட்டைநாரில் செய்வது என்பதும், அந்தக் கைத்தொழில் 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. இருமுறை எழுதினேன், திருத்தம் வரவில்லை. பிறகு ‘எளிமையான புதிய வடிவம்’ என்று அறிவித்து வழவழத் தாளுக்கு மாறினீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறேன். படக்குறிப்புகள் வெளிறிய சாம்பல் நிறத்துக்குப் போயின. பக்க எண்ணையும் எளிமை விழுங்கிவிட்டதால், மேற்படி வரி எத்தனையாம் பக்கத்தில் உள்ளது என்று இங்கே குறிப்பிட முடியாமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தாளை மாற்றச் சொல்லமாட்டேன். அதன் விலை எனக்குத் தெரியும். படக்குறிப்புகளைக் கறுப்பு மையில் அச்சிட்டு, பக்க எண்களைத் திரும்பப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவன்,
சிவகாசி.