கயல் மேகத்துக்குள் போவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்கு நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். முரளி மறுபடியும் வீடு மாறிவிட்டான். அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி இந்த வீட்டிலும் பூட்டியபடியேதான் பரணில் ஏறியிருக்கிறது.

கயல் தனியாக விமானம் ஓட்டிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் என் வாழ்த்துகள். உனக்குக் கிடையாது, குரங்குப் பெடலைத் தாண்டாதவன் நீ. போகட்டும், எழுத வந்தது வேறு. ‘ராட்டினத்தில் எத்தனை சுற்று சுற்றினாலும் இவளுக்குத் தலை சுற்றாது, மேகத்துக்குள் போனாலும் திசை தப்ப மாட்டாள்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அவளிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாய். இனிமேல் சொல்லாதே. தலை சுற்றாமல் இருப்பது வேறு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று தெரிவது வேறு. வெளியே ஒன்றும் தெரியாதபோது அந்த இரண்டாவது விஷயம் யாருக்குமே தெரியாது, முப்பது வருடம் ஓட்டியவருக்கும்தான்.

உட்செவியில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பும், திரவம் பின்தங்கும். அது அங்கிருக்கும் மெல்லிய ஜவ்வை வளைக்க, அந்த வளைவை வைத்துத்தான் ‘திரும்புகிறோம்’ என்று மூளை புரிந்துகொள்கிறது. ஒரே வேகத்தில் பத்து, இருபது வினாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழலின் வேகத்துக்கு வந்துவிடும், ஜவ்வு நிமிர்ந்துவிடும். விமானம் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும், மூளையோ நேராகப் போகிறோம் என்று நம்பும். வினாடிக்குச் சுமார் 2 டிகிரிக்கும் குறைவாக மெல்லச் சாய்ந்தால் ஆரம்பத்திலேயே ஒன்றும் தெரியாது. உட்கார்ந்திருக்கும் உணர்வாவது காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. ஒழுங்காகத் திரும்பும் விமானத்தில் எடையும் மையவிலக்கு விசையும் சேர்ந்து இருக்கைக்கு நேர் கீழாகத்தான் இழுக்கும். 30 டிகிரி சாய்ந்திருந்தாலும் கையிலிருக்கும் டம்ளரில் தண்ணீர் சிந்தாது.

நம்ப மாட்டாய், எனக்குத் தெரியும். வீட்டிலேயே செய்து பார். உன் ஆபீஸ் அறைச் சுழல் நாற்காலியில் கயலை உட்கார வை. கண்ணைக் கட்டு. மின்விசிறியை நிறுத்து, யாரும் பேசக் கூடாது. காற்றும் குரலும் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். தலையை நேராக வைத்து, எந்தப் பக்கம் சுற்றுகிறாளோ அந்தப் பக்கம் கட்டை விரலைச் சாய்த்துக் காட்டச் சொல். ஐந்து வினாடிக்கு ஒரு சுற்று என்று சீராகச் சுற்று. முதலில் சரியாகக் காட்டுவாள். கொஞ்ச நேரத்தில் விரல் நிமிர்ந்துவிடும், நின்றுவிட்டதாகவே நினைப்பாள். அரை நிமிடம் கழித்து நாற்காலியை மெல்ல நிறுத்து. விரல் எதிர்ப்பக்கம் சாயும்: அசையாமல் உட்கார்ந்துகொண்டே எதிர்த்திசையில் சுற்றுவதாகச் சத்தியம் செய்வாள். சுற்றும்போது தலையைக் குனியச் சொல்லாதே, கவிழ்ந்துவிடுவாள். ஓட்டும்போதும் அதே ஆபத்துதான். திருப்பத்தின் நடுவே கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தால், விமானமே புரள்கிற மாதிரி இருக்கும்.

நாற்காலியில் இது விளையாட்டு. மேகத்துக்குள் என்ன ஆகும் தெரியுமா? இறக்கை கவனிக்காமலே சாயும், மூக்கு இறங்கும், வேகம் ஏறும், உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் சரசரவென்று குறையும். விமானிக்கோ நேராக இறங்குகிறோம் என்ற எண்ணம். அதனால் மூக்கைத் தூக்க யோக்கை, அதாவது ஓட்டும் கைப்பிடியை, தன் பக்கம் இழுப்பார். சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் வட்டமிட்டு இறங்கும் அந்தச் சுழல் இன்னும் இறுகும், இறக்கம் இன்னும் மோசமாகும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரைச் செயற்கையாக உண்டாக்கிய அந்த நிலையில் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை, சேகர்.

புதியவர்கள் என்பதால்தான் என்று நினைக்காதே. 1978 ஜனவரி 1 இரவு, ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ போயிங் 747 பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. மேற்கே கரை தாண்டினால் இருண்ட அரபிக்கடல், தொடுவானம் என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. வலப்பக்கம் திரும்பி விமானம் நிமிர்ந்த பிறகும் கேப்டனின் சாய்வுகாட்டி வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதை நம்பி அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். துணை விமானியின் முன்னால் ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று என்று இன்னும் இரண்டு காட்டிகள் இருந்தன. ஃபிளைட் என்ஜினியர் கவனித்துச் சொல்லியும் நேரம் போதவில்லை. 108 டிகிரி வரை சாய்ந்து, பாந்த்ரா கரைக்கு எதிரே கடலில் விழுந்தது. தரையை விட்டு 101 வினாடி. 213 பேர். தவறாகக் காட்டியது ஒரே ஒரு கருவி. ‘நீ தலைகீழாகப் போகிறாய்’ என்று சொல்ல அந்தக் கேப்டனின் உடம்பில் எதுவும் இல்லை. இந்த விபத்து என் மனத்தை விட்டுப் போவதே இல்லை.

அதனால் உடம்பை நம்பாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பாடம்தான். எந்த ஒரு கருவியையும் தனியாக நம்பக் கூடாது. அவள் ஓட்டுவது பழைய முள் காட்டிகள் உள்ள செஸ்னா 172 என்றால், சாய்வுகாட்டியும் திசைகாட்டும் ஜைரோவும் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பில் ஓடும். எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் கரண்டில் ஓடும். பம்ப் போனால் சாய்வுகாட்டி ஒரேயடியாக விழாது, மெல்ல மெல்லச் சாயும். அதைத் துரத்திக்கொண்டு போனால் பம்பாய்க் கதைதான். டர்ன் கோஆர்டினேட்டர் வேறு சொல்கிறதா, காந்தத் திசைகாட்டி வேறு சொல்கிறதா என்று ஓயாமல் ஒப்பிட வேண்டும். சக்‌ஷன் கேஜ், அதாவது அந்தப் பம்பின் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் முள், 5 அங்குலத்தை ஒட்டி நிற்கிறதா என்பதையும் பார்வைச் சுற்றில் சேர்த்துக்கொள்ளச் சொல்.

தெரியாமல் மேகத்தில் புகுந்துவிட்டால் முதல் வேலை இறக்கையைச் சமமாக்குவது. ரேடியோவெல்லாம் அப்புறம். பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். வினாடிக்கு 3 டிகிரி என்றால் 180 டிகிரிக்குச் சரியாக ஒரு நிமிடம். செஸ்னாவின் வேகத்தில் 15 டிகிரி சாய்வு போதும், அதற்கு மேல் வேண்டாம். சுழலில் சிக்கிவிட்டால் வரிசை மாறக் கூடாது: என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறை, இறக்கையை நிமிர்த்து, அதன் பிறகுதான் மெல்ல இழு. நிமிர்ந்த பிறகும் எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு அடம் பிடிக்கும், திரும்பவும் சாய்க்கச் சொல்லிக் கெஞ்சும். அந்த நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று, சளி பிடித்தால் பறக்க வேண்டாம். இறங்கும்போது ஒரு காது அடைத்து மற்றது திறந்தால் அந்த அழுத்த வித்தியாசமே உலகத்தைச் சுற்ற வைக்கும். அப்படி அடைத்தால் முடிந்தவரை கொஞ்சம் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, நிதானமாக இறங்கலாம். நீ எதற்கெடுத்தாலும் கொடுப்பாயே அந்தச் சளி மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் ரகம், அதை அவள் பக்கமே கொண்டுபோகாதே.

ஹூட் போட்டு, அதாவது வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்து, இதுவரை எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறாள் என்று கேட்டு எழுது. சாய்வுகாட்டியை மூடிவைத்து ஓட்டவும் பழக்கியிருக்கிறார்களா என்று தனியாகக் கேள். இல்லையென்றால் இன்ஸ்ட்ரக்டரிடம் அவளே கேட்கட்டும், நீ போய் நிற்காதே. முரளியின் புது விலாசம் பின்பக்கம் இருக்கிறது, பொங்கலுக்குள் அவனுக்கும் ஒரு வரி போடு.

அன்புடன்,
ரவி