மிஸ்ஸி சொன்னதும் மாமியார் சொன்னதும்

சுங்கை சிப்புட்,
16 மார்ச் 2025

அன்புத் தோழி கமலத்திற்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஆவணியில் மகளுக்குத் திருமணம் என்ற செய்தியைப் படித்தபோது, தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் நாம் இருவரும் ஒரே பாயில் படுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்து, கடிதத்தைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதில் இந்தப் புதன்கிழமைதான் எனக்கே கிடைத்தது.

உங்கள் கோயில் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம் இனமே குறைந்துகொண்டு வருகிறது, இந்த நேரத்தில் குடும்பக் கட்டுப்பாடு எதற்கு?" என்று கேட்டதாகவும், எல்லோரும் கைதட்டியதாகவும் எழுதி, அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தாய். அவர் சொன்ன கணக்கில் தவறில்லை. 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள், 2022இல் அது 1.6. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும் என்பார்கள். இங்குள்ள நம் இந்தியப் பெண்களின் சராசரி நாட்டின் சராசரியைவிடவும் கீழே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. படித்த பெண்கள் தாமதமாக மணம் செய்து ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்வதால் இறங்கும் சராசரி, என் எதிர்வீட்டுப் பெண்ணின் வயிற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தைந்து. மூத்தவனுக்கு ஐந்து வயது, நடுவில் இரண்டரை வயதில் ஒரு பெண், கைக்குழந்தைக்கு நான்கு மாதம். கணவன் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறான். நல்ல பையன், குடிப்பதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த மருத்துவமனையில் (அதன் பெயர் வேண்டாம்), வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஆறு பேர் படுத்திருந்த அறையின் நடுவில் நின்றுகொண்டு ஒருவர் மலாயில் படபடவென்று ஏதோ கேட்டிருக்கிறார். இவள் தலையாட்டியிருக்கிறாள். ஆறு வாரம் கழித்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் போட்டுக்கொண்டாள். மாதவிலக்கு வரவில்லை. மாமியார் பயந்துபோனார். "கெட்ட இரத்தம் உள்ளேயே தேங்கிக் கட்டியாகிவிடும், பிறகு நீ மலடிதான்" என்று சொல்ல, அடுத்த ஊசிக்கு இவள் போகவில்லை. ஒரு வருடத்திற்குள் மூன்றாவது உருவாகி, அந்தக் கர்ப்பத்தில் சர்க்கரையும் ஏறி, குறித்த தேதிக்கு முன்பே மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊசியில் நடப்பது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. மாதாமாதம் கர்ப்பப்பையின் உள்ளே படியும் சவ்வு ஊசியின் மருந்தால் படியாமலே இருந்துவிடுகிறது; படியாதது எப்படி வெளியே வரும், எப்படித் தேங்கும்? நிறுத்திய பிறகு மீண்டும் கருத்தரிக்கச் சிலருக்கு ஒன்பது, பத்து மாதம்கூட ஆகும் என்பது உண்மை. மலடாகிவிடுவது என்பது பொய். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மாமியார் எடுத்துக்கொண்டார்.

உனக்கு என் அம்மாவின் கதை தெரியுமா என்று நினைவில்லை. 1966இல் சட்டம் இயற்றித் தேசியக் குடும்பத் திட்ட வாரியத்தை அமைத்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளில் நம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் கருத்தடை மாத்திரை கிடைத்தது. மருந்து கொடுக்கும் டிரெஸர் ஒரு மாத்திரை அட்டையை அம்மாவின் கையில் கொடுத்து, "தினம் ஒன்று" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பா அப்போது ஸ்டோரில் ஜாகா, காவல்காரர். ஒரு வாரம் இரவு வேலை, ஒரு வாரம் பகல் வேலை. அப்பா வீட்டில் இல்லாத இரவில் மாத்திரையை வீணாக்குவானேன் என்று, அவர் வீட்டில் படுக்கும் இரவுகளில் மட்டும் அம்மா விழுங்கியிருக்கிறார். அரிசியையும் சீனியையும் அளந்து செலவழித்த கை அது. அந்தச் சிக்கனத்தின் பலன்தான் 1972இல் பிறந்த என் கடைசித் தம்பி. இப்போது ஈப்போவில் இருக்கிறான். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி அவனைச் சிரிக்க வைப்போம். ஆனால் அந்தப் பிரசவத்தில் அம்மாவுக்கு நிற்காமல் இரத்தம் போனதையும், எட்டாவது பிரசவத்தைத் தாங்க அந்த உடம்பில் வலு இல்லை என்று டிரெஸரே தலையில் கைவைத்துக்கொண்டதையும் அவனிடம் நாங்கள் சொல்வதில்லை.

ஐம்பது ஆண்டுகள் கடந்தும் மாத்திரையையும் ஊசியையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவற்றோடு சேர்ந்து வர வேண்டிய பேச்சுதான் இன்னும் வரவில்லை. புதன்கிழமை அவளை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு நானே அழைத்துப்போனதற்கு அதுதான் காரணம். பசியாறிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். எண் வாங்கிக்கொண்டு, தாய்சேய்ப் பகுதியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தோடு காத்திருக்கும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தோம். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, ஒரு மலாய்ப் பெண்மணி. இரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீர் சோதித்தார், கடைசியாகத் தலைவலியோடு கண்ணில் மின்னல் தெரிந்ததுண்டா, காலில் இரத்தம் உறைந்ததுண்டா என்றெல்லாம் கேட்டார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் பதில் சொன்னாள். சாதாரணக் கருத்தடை மாத்திரையைக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் தவிர்ப்பது நல்லது என்றும், பால் கொடுப்பவர்களுக்கென்று வேறு மாத்திரை உண்டு என்றும், ஆனால் அதை நாள்தோறும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும் என்றும் மிஸ்ஸி விளக்கினார். மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் மணி பார்த்து மாத்திரை விழுங்குவது நடக்காது என்று அவளே சொல்லிவிட்டாள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்பு சுற்றிய வளையம் பத்து ஆண்டுவரை இருக்கும், அதில் ஹார்மோன் கிடையாது. அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. கடைசியில் மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியைத் தேர்ந்தெடுத்தாள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த பெண் என்பதால், அடுத்த கர்ப்பத்திற்கு முன்னால் உடம்பு தேற வேண்டும் என்று டாக்டரும் அதையே பரிந்துரைத்தார்.

நானும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இடது கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துப் படுக்கச் சொன்னார்கள். முழங்கையிலிருந்து டேப்பால் அளந்து, மேற்கையின் உட்புறத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, மரத்துப்போக ஊசி போட்டார்கள். மிஸ்ஸிக்குத் தமிழில் மூன்று சொற்கள்தாம் தெரியும் போலிருக்கிறது: "வலி", "கொஞ்சம்", "முடிஞ்சது". மூன்றையும் சரியான இடத்தில் பயன்படுத்தினார். பிறகு அவளுடைய விரலையே பிடித்து அந்த இடத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "தீக்குச்சி மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். மூன்று ஆண்டு தாங்கும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். முதல் சில மாதங்களில் மாதவிலக்கு தாறுமாறாக வரலாம், அதைக் கண்டு பயந்து ஓடி வராதே, சந்தேகம் இருந்தால் கேட்க வா என்று மிஸ்ஸி இரண்டு முறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாலையில் மாமியாரின் முன்னால் உட்கார்ந்து நான் மறுபடியும் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கெட்டவரில்லை கமலம், அவருக்கும் யாரும் எதையும் சொன்னதில்லை. காலையில் பதிவுக்குக் கொடுத்தது வெறும் 1 வெள்ளி (ரிங்கிட்).

ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். கணவர்களுக்குச் செய்யும் அறுவை பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்துப் பார்க்கும்வரை மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். வலு போய்விடும் என்ற பயத்திற்கு ஆதாரமே இல்லை. இதை அன்றிரவு நான் வீட்டில் சொன்னபோது, அறுபத்தாறு வயதான என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கு இனி எதற்குப் பயம் என்று தெரியவில்லை.

கோயில் கூட்டத்துக்காரருக்கு நீ ஒன்று சொல்லலாம். இந்த நாட்டில் 1984இல் 7 கோடி மக்கள்தொகை என்று இலக்கு வைத்தார்கள், அதே ஆண்டு குடும்பத் திட்ட வாரியத்தின் பெயரையும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, கிளினிக்கில் மாத்திரை கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. இனத்திற்குப் பிள்ளைகள் வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தால், பிள்ளை பெற்றவள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கட்டும். 2023 முதல் தனியார் துறையிலும் 98 நாள் பிரசவ விடுப்பு வந்துவிட்டது; 99ஆவது நாளைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேசினார்களா? நம் காலத்து ஆயாக்கொட்டகைகூட இப்போது எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், கிடையாது.

உன் மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். திருமணத்திற்கு முன்பே கிளினிக்கில் இரத்தம், சர்க்கரை, தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறு) சோதனைகளை முடித்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையும் கூடவே சோதித்துக்கொள்ளட்டும். உடனே பிள்ளை வேண்டாம் என்று இருவரும் நினைத்தால் என்னென்ன வழி உண்டு என்று அங்கேயே கேட்கலாம். ஒரு பிரசவத்திற்குப் பிறகு அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை இப்போதே சொல்லி வை. பிறகு உன் சம்பந்தியம்மாள் முந்திக்கொள்வார். உனக்கு இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் ஜூன் விடுமுறையில் அவளை இங்கே அனுப்பு.

எதிர்வீட்டுப் பெண் நேற்றுக் கட்டை அவிழ்த்துக் காட்டினாள். நீலம் பாரித்திருக்கிறது, வீக்கம் இல்லை. குச்சியை எடுக்க வேண்டிய தேதி மலாயில் எழுதியிருக்கும் அட்டையைக் கொண்டு வந்து, தமிழிலும் எழுதித் தரச் சொன்னாள். "மார்ச் 2028" என்று எழுதிக் கொடுத்தேன். மாமியார் அதை வாங்கி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார்.

திருமணப் பத்திரிகை அச்சானதும் அனுப்பு. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சரோஜா