கட்டு மாற்றும் அறைக்கு வெளியே நாற்காலி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோயால் அம்மாவின் உள்ளங்காலில் புண். இரண்டு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் அரசு மருத்துவமனைக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போகிறேன். உள்ளே இருக்கும் செவிலியரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். புண்ணோடு ஒட்டிப்போன துணியை வெடுக்கென்று இழுக்காமல், சலைன் ஊற்றி ஊறவிட்டு, ‘வலிக்குதாம்மா?’ என்று கேட்டுக் கேட்டு எடுக்கிறார். அம்மாவுக்கு வலிப்பதே இல்லை, பாதம் மரத்துவிட்டது. செருப்புக்குள் கிடந்த சிறு கல் தெரியாமல் நடந்துதான் இந்தப் புண்ணே வந்தது.

சிக்கல் வெளியேதான். ஒரே ஒரு பெஞ்சு. இடம் கிடைக்காதவர்கள் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். புண் உள்ள காலை ஊன்றினால் ஆறாது என்று மருத்துவர் சொல்கிறார். வரிசையில் அதே காலை ஊன்றித்தானே நிற்க வேண்டியிருக்கிறது! சென்ற வாரம் ஒரு பெரியவர் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கட்டின் மேல் ரத்தம் கசிந்திருந்தது.

நாற்காலிகளும், காலை நீட்டி வைக்க ஸ்டூல்களும், நேரம் குறித்த டோக்கனும் கொடுங்கள். அப்புறம், 2021 முதல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், சர்க்கரை மாத்திரை தரும் ஒவ்வொரு முறையும் பாதத்தையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மகள்