எங்கள் ஆசிரியர் பயிற்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கடலூரில் எங்கள் கல்லூரியில் நடந்த பொறியியல் ஆசிரியர் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. இப்படிப்பட்ட பயிற்சி என்றாலே சான்றிதழ், குரூப் போட்டோ, அதோடு சரி என்றுதான் பலரும் வந்தார்கள். அப்படி ஆகாமல் போனதற்குச் சிலர் காரணம்.

முதல் நன்றி மூன்றாமாண்டு சிவில் மாணவர்களுக்கு. ஆசிரியர்கள் எதிரிலேயே வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னோம். யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் எழுந்தார். “புரியுதான்னு கேட்டா புரியுதுன்னுதான் சொல்வோம் சார். இல்லைன்னா அதே பிபிடியை மறுபடி ஓட்டுவீங்க.” சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. அதன்பிறகுதான் ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசினார்கள்.

ஒரு நாட்டின் பொறியியல் படிப்பை மற்ற நாடுகளும் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. பாடம் முடிந்ததா என்பதைவிட, மாணவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதையே இங்கே படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் கேட்கிறது. அது பல இடங்களில் சி.ஓ. (ஒரு பாடத்தால் மாணவர் பெறும் திறன்), பி.ஓ. (முழுப் படிப்பால் பெறும் திறன்) என்று எக்செல் நிரப்பும் வேலையாகச் சுருங்கியதும் நமக்குத் தெரிந்ததுதான்.

ஓய்வை நெருங்கும் எங்கள் ஹைட்ராலிக்ஸ் பேராசிரியர் வேறு வழி காட்டினார். இளம் ஆசிரியர்களைக் கெடிலம் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், ஆற்றில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்துக்கான கரடுமுரடு எண்ணைக் கரையைப் பார்த்தே சொல்லச் சொன்னார். புல் பூண்டில்லாத நேரான ஆற்றுக்கு 0.03 என்றால், புதர் மண்டிய இடத்தில் 0.1 வரை போகும். எண் ஏறினால் அதே வெள்ளம் இன்னும் உயரமாக ஓடும். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதை விளக்க பிபிடி எதற்கு? சார், உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

துறைத் தலைவர்களுக்குத் தனி நன்றி. கற்பிக்கும் முறையில் மாற்றத்துக்குத் தலைமை ஏற்கச் சொல்லிவிட்டு, வாரம் முழுக்க பீரியடுகளை அடுக்கினால் யாரால் முடியும்? நீங்கள் டைம்டேபிளில் கைவைத்து, இளம் ஆசிரியர்களுக்கு நேரம் ஒதுக்கினீர்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

லேப் உதவியாளர்களுக்கும், மாலையில் எங்களுக்காகக் காத்திருந்த பஸ் டிரைவர் அண்ணன்களுக்கும், கேன்டீன் அக்காவுக்கும் நன்றி.

வரும் செமஸ்டரில் ஒருவர் வகுப்பில் மற்றவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். மதிப்பெண் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது. முதல் வகுப்பு என்னுடையது. அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்,
கடலூர்