தம்பிக்கு, அம்மாச்சி திவசம் பத்தி

தம்பி,

நல்லா இருக்கியா. வாட்ஸப்ல போட்டா ப்ளூ டிக் வந்து அப்படியே கெடக்குது, அதான் மெயில்ல எழுதுறேன். ஆபீஸ்ல உக்காந்து படிக்காத, ரூமுக்குப் போயி சாப்டுட்டு படி. சாப்டுறியா மொதல்ல? போன மாசம் உன் ரூம்ல இருக்குற பையன்கிட்ட பேசுனப்போ நீ மூணு நாள் உபவாச ஜெபம்னு சொன்னான், அவனத் திட்டாத, நான்தான் தோண்டித் தோண்டி கேட்டேன். அல்சர் உள்ள உடம்பு தம்பி. வெறும் வயித்துல இருக்கவே கூடாதுன்னு டாக்டர் உன் முன்னாடிதான சொன்னாரு. ஜெபம் பண்ணு, யாரு வேணாங்கறா, ரெண்டு இட்லி தின்னுட்டு பண்ணா அவரு கேக்காமலா போயிடுவாரு.

இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் எறங்கியிருக்கு, நடக்கப் போறாரு, ஆனா போற எடம் டீக்கடை. மாமா வீட்டுல பின்பக்கத்து ஓடெல்லாம் மாத்தியாச்சு, அம்மாச்சி ரூம மட்டும் தொடல. கல்லறைத் திருநாளுக்கு அப்பா தாத்தா கல்லறையில எப்பவும் போல மெழுகுவர்த்தி வச்சாரு, கூட ஒண்ணு தனியா ஓரமா வச்சாரு. யாருக்குன்னு நான் கேக்கல, எனக்குத் தெரியும்.

அம்மாச்சியோட தலைத் திவசம் வருது. அதுக்காகத்தான் எழுதுறேன்னு நெனைக்காத, அதுக்கும் சேத்துத்தான். தேதி சனிக்கிழமைல விழுது, நீ லீவுகூட போட வேணாம், வெள்ளிக்கிழம ராத்திரி பெங்களூர்ல வேளாங்கண்ணி பஸ் ஏறுனா காலைல இங்க. வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

உன்னப் பத்தி எனக்கு பெருமைதான், அத எங்க வேணா சொல்லுவேன். குடியில்ல, வெட்டியா ஊர் சுத்தறதில்ல, ஞாயித்துக்கிழம சபைல சின்னப் பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்குற, உன் சம்பளத்துல ஒரு பையனுக்கு ஃபீஸ் கட்டுறன்னு கேள்விப்பட்டப்போ அப்பா எந்திரிச்சு உள்ள போயிட்டாரு, கண்ணு கலங்கிடுச்சு. இதெல்லாம் அந்தச் சபை உனக்குக் குடுத்ததுன்னா நல்லாருக்கட்டும். ஆனா அன்னிக்கு நீ வாசல்லயே நின்ன பாரு. மாமா வாய்க்கரிசி போட கூப்புட்டாரு, நீ கைய பின்னாடி கட்டிக்கிட்டு கேட் பக்கத்துலயே நின்ன. ஊர்க்காரங்க பேசுனது எனக்கு ஒண்ணுமில்ல. அப்புறம் ராத்திரி போன்ல சொன்ன பாரு, "டைம் முடிஞ்சு போச்சும்மா, இனிமே அவங்களுக்காக ஜெபிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல"ன்னு. மெதுவாத்தான் சொன்ன, அழுதுகிட்டேதான் சொன்ன, அது எனக்குத் தெரியாம இல்ல. அழுதியே, அதனாலதான் இவ்ளோ எழுதுறேன். அழாம சொல்லியிருந்தா விட்டிருப்பேன்.

நீ அனுப்புன வசனம், யோவான் 14:6, "நானே வழியும் சத்தியமும் ஜீவனும்", அது எனக்குத் தெரியும்டா. கல்யாணத்துக்கு முன்னாடி சிஸ்டர்கிட்ட ஞானோபதேசம் படிச்சப்போ மனப்பாடம் பண்ணது. அதுல எனக்கு சண்ட இல்ல. அவரு வழியாத்தான் போகணும்னா அவரு வழியாவே போகட்டும், யார யார எப்படி அழச்சிட்டுப் போறதுன்னு அவருக்குத் தெரியாதா, உங்க பாஸ்டர்கிட்ட லிஸ்ட் வாங்கிட்டா போவாரு? அதே பைபிள்ல 1 தீமோத்தேயு 2:4 இருக்கு, எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படணும்னு அவரு சித்தமா இருக்காருன்னு. எல்லா மனுஷரும்னா வெளிப்பாளையத்துல இட்லிக்கடை வச்சிருந்த கெழவியும் அதுல வருவா.

நான் ஹிஸ்டரி டீச்சர், சும்மா விடமாட்டேன்னு உனக்குத் தெரியும். திருச்சபைக்கு வெளிய மீட்பு இல்லன்னு சொன்ன சிப்ரியான்ங்கற ஆயரும் மூணாம் நூற்றாண்டு, கடைசில எல்லாமே கடவுள்கிட்ட திரும்பி வந்துரும்னு எழுதுன ஒரிஜன்ங்கற வேத அறிஞரும் மூணாம் நூற்றாண்டு. ரெண்டு பேரையும் ரோம்காரன் சும்மா விடல, ஒரிஜன ஜெயில்ல போட்டு வதைச்சான், சிப்ரியான 258ல வெட்டியே போட்டான். ஒரிஜனோட கருத்த 553ல ஆயர்கள் சங்கம் கூடி கண்டிச்சாங்க, உண்மைதான், மறைக்கல. ஆனா கிட்டத்தட்ட அதையே சொன்ன நீசா ஊர் ஆயர் கிரகோரியார இன்னிக்கும் புனிதர்னுதான் கும்புடுறாங்க. எங்க கத்தோலிக்க சபையும் ரொம்ப காலம் உங்க பாஸ்டர் மாதிரிதான் பேசுச்சு. அப்புறம் உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கத்துல, 1964ல, தன் குத்தமில்லாம சுவிசேஷத்த அறியாதவங்க, மனசாட்சிப்படி நேர்மையா கடவுளத் தேடுறவங்க மீட்பு அடைய முடியும்னு எழுதி வச்சாங்க. மறுவருஷம் மத்த மதங்கள்ல இருக்குற உண்மையானது, பரிசுத்தமானது எதையும் நாங்க தள்ளலன்னு இன்னொரு ஏடு. அம்மாச்சி சுவிசேஷத்த அறியாதவளான்னு நீ கேப்ப, மருமகன் வீட்டுல பைபிள் இருந்துச்சே, கேட்டுருக்குமேன்னு. கேட்டுச்சு. அது அதத் தள்ளவும் இல்ல. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு நெத்தி நெறைய விபூதியோட உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துச்சு. எல்லாரும் முழங்கால் போட்டப்ப அதுவும் போட்டுச்சு, முட்டி வலியோட. ஏம்மான்னு அப்புறம் கேட்டேன், எல்லாரும் கும்புடுறப்ப நான் மட்டும் குத்துக்கல்லாட்டம் உக்காந்து பாக்கறதான்னுச்சு. அதுதான் அதோட மொத்த வேதாந்தமும்.

உனக்கு மூணு வயசுல பிட்ஸ் வந்துச்சு, உனக்கு நெனப்பிருக்காது. ஆஸ்பத்திரிலேந்து வந்த மறுநாள் அம்மாச்சி கெளம்புச்சு. காலைல நாகூர் தர்கா, ஆள் உருவம் போட்ட தகடு வாங்கி உன் தலைய சுத்தி காணிக்கையாப் போட்டுச்சு. அந்த தர்காவோட பெரிய மினாரா தஞ்சாவூர் மராட்டிய ராசா பிரதாப சிங் கட்டிக் குடுத்ததுன்னு நான் வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்லுவேன், அதுக்கு அதெல்லாம் தெரியாது, நாகூராண்டவர்னா பிள்ளைய காப்பாத்துவாருன்னு மட்டும் தெரியும். அங்கேந்து பஸ் ஏறி வேளாங்கண்ணி, உன் உசரத்துக்கு மெழுகுவர்த்தி. சாயங்காலம் நீலாயதாட்சி அம்மன் கோயில். ஒரே நாள்ல மூணு வாசல்ல நின்னுட்டு வந்து ராத்திரி கால் வீங்கிக் கெடந்துச்சு. உனக்காக. மூணு பேர்ல யாரு கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. மூணும் ஒரு ஆளுதான்னு அது நெனச்சுச்சு, நானும் இப்ப அப்படித்தான் நெனைக்கிறேன், நீ கோவப்பட்டாலும் சரி.

மறுபடி சொல்றேன், வெறும் வயித்துல டீ குடிக்காத. பால் குடி.

சுனாமி நெனப்பிருக்கும் உனக்கு. 2004, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழம. நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. வேளாங்கண்ணில திருநாளுக்கு வந்த வெளியூர்க்காரங்க, பேரு கூடத் தெரியாது, ஜேசிபி வச்சு குழி தோண்டி ஒண்ணா பொதச்சாங்க. பூசை இல்ல, ஜெபம் இல்ல, குளுப்பாட்டக்கூட நேரமில்ல. விபூதி வச்சவன், சிலுவை போட்டவன், கலிமா சொன்னவன், ஒண்ணுமே நம்பாதவன், எல்லாம் ஒரே மண்ணு. அம்மாச்சி மண்டபத்துல கேம்ப்புக்கு ஆக்கிப் போட்டுச்சு, வந்தவங்கள்ல உங்க மாதிரி சபைக்காரங்களும் இருந்தாங்க, சாமிக்குப் படைச்ச சோறு வேணாம்னு அவங்க சொல்லுவாங்களோன்னு சாமிக்குக் காட்டாமலே எறக்கி வைக்கும். அது பட்ட கவலைய பாரு. அப்புறம் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மாமா எள்ளும் தண்ணியும் எறைக்கறப்ப, பக்கத்துல நின்னு "அந்தக் குழில கெடக்குறவங்களுக்கும் சேத்து விடுடா"ன்னு சொல்லும். அந்தக் குழில எவ்ளோ பேரு ஞானஸ்நானம் வாங்குனவங்க, எவ்ளோ பேரு வாங்காதவங்க? கடவுள் குனிஞ்சு பிரிச்சுப் பிரிச்சு எடுப்பாருங்கற? நீ நெசமா அப்படித்தான் நம்புறியா? என்னால முடியல.

மத்தேயு 25 நான் அடிக்கடி படிக்கிறேன் இப்ப. பசியாயிருந்தேன் போஜனம் குடுத்தீங்கன்னு ராஜா சொல்றப்போ, எப்ப ஆண்டவரே குடுத்தோம்னு அவங்க முழிக்கிறாங்க, யாருக்கு குடுத்தோம்னே தெரியாதவங்க. அம்மாச்சி அங்க முழிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு எனக்கு. அதே அதிகாரத்துல எடப்பக்கம் நிக்கிறவங்களுக்கு நித்திய அக்கினின்னும் இருக்கு, அதத் தாண்டிப் போக எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா அங்கயும் சோறு போடாததுக்குத்தான தண்டன, ஞானஸ்நானம் பத்தி ஒரு பேச்சும் இல்லையே.

இன்னொண்ணு. ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோபுரத்துல ஏறி நின்னு, ரகசியம்னு குரு சொன்ன எட்டெழுத்து மந்திரத்த ஊருக்கே கத்திச் சொன்னாருன்னு சொல்லுவாங்கல்ல, சொன்னா நரகந்தான்னு குரு சொல்லியும். இத்தன பேரு கரையேறுனா நான் ஒருத்தன் நரகத்துக்குப் போறேன்னாராம். இந்துக் கதைன்னு தள்ளாத, ரோமர் 9:3 எடுத்துப் பாரு. பவுல் என்ன சொல்றாரு, என் சகோதரங்களுக்குப் பதிலா நானே கிறிஸ்துவ விட்டு சபிக்கப்பட்டவனா போகலாம்னு விரும்புறேங்கறாரு. கடவுள ரொம்ப நெருங்குனவங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுறாங்க, எனக்கு மட்டும் கெடச்சா போதும்னு அவங்க வாயில வரவே இல்ல. மனுசங்களுக்கே இப்படி மனசு வந்தா, அந்த மனசக் குடுத்தவருக்கு எவ்ளோ இருக்கணும்? அடுத்த வீட்டு ஹாஜியார்கிட்ட இதச் சொல்லிப் பொலம்புனேன், குர்ஆன்ல 114 அத்தியாயத்துல ஒண்ணத் தவிர எல்லாம் அருளாளன் அன்புடையோன்னுதாம்மா தொடங்குதுன்னாரு, என் அருள் எல்லாத்தையும் சூழ்ந்திருக்குன்னு ஒரு வசனமும் சொன்னாரு. அவரும் நரகம் இல்லேன்னு சொல்லல. யாரு போவாங்கன்னு நமக்கு எதுக்கும்மான்னாரு.

உன்ன மாத்தணும்னு எழுதல. உன் சபைய விட்டு வாடான்னும் சொல்லல. எனக்கு வயசாகுது, என் அம்மா இல்லாத மோட்சம் எனக்கு வேணாம், அவ்ளோதான், இத ஒருதடவ உன்கிட்ட சொல்லிடணும்னு இருந்துச்சு. நீ அங்க போயி நான் வேற எங்கயோ இருந்தா உனக்கு மட்டும் அங்க இருப்புக் கொள்ளுமா? நீ அழுதப்பவே உனக்குள்ள ஒருத்தன் கொள்ளாதுன்னு சொல்லிட்டான்.

சனிக்கிழம வந்தின்னா, வாழக்கா பொரியல், பருப்பு உருண்ட கொழம்பு, அதுக்குப் புடிச்ச பால் பாயாசம். படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தனியா எடுத்து மூடி வச்சிடறேன், படைச்சத நீ தொட வேணாம், காரம் கம்மியா போடுறேன். படத்து முன்னாடி விழுந்து கும்புடவும் வேணாம், பூஜை நேரத்துல மாடிக்குப் போயிக்க. மாமா ஒண்ணும் கேக்க மாட்டாரு, சொல்லி வச்சிருக்கேன். மறுநாள் ஞாயித்துக்கிழம, உங்க மாதிரி சபை ஒண்ணு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்குன்னு அப்பா விசாரிச்சு வச்சிருக்காரு, காலைல ஒம்போது மணிக்கு ஆராதனையாம். பைக்ல கொண்டு வந்து விடுறேன்னாரு.

அம்மா