வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் படிப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளியின் மாடிக் கட்டடத்தில் மின்கம்பிகளை மாற்றப் போகிறார்கள். வரும் திங்கள் தொடங்கி ஆறு வாரத்துக்கு அங்குள்ள நான்கு வகுப்பறைகள் பூட்டியிருக்கும். ஒன்றாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள் வழக்கம்போல் தினமும் வருவார்கள். நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் வீடு. எந்த வகுப்புக்கு எந்த நாள் என்று வகுப்பாசிரியர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்புவார்.

“திரும்பவும் இல்லிருப்புக் கற்றலா?” என்று நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். 2020 மார்ச் 18-இல் கோவிட் பரவலால் மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது எங்களுக்கும் இந்த வேலை புதிது. நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி அட்டவணையை அப்படியே தூக்கித் திரைக்குள் வைத்தேன். காலை 7.30-க்கு வருகைப் பதிவு, வரிசையாகப் பாடங்கள், நடுவில் ஓய்வு மணிகூட உண்டு! கேமராவைத் திறக்காத பிள்ளைக்கு வருகை கிடையாது என்றும் சொன்னேன்.

2021 தொடக்கத்தில் பள்ளி மறுபடி மூடியிருந்த ஒரு நாள், இரவு பத்தரைக்கு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. “சார், அம்மா இப்பதான் வேலை முடிஞ்சி வந்தாங்க. இப்ப படிக்கலாமா?” அவன் அம்மா விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறி, பாலம் கடந்து பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் போகிறவர். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியும் அவரோடு போய்விடும். அவனுக்குத்தான் நான் பத்து நாளாக ‘வரவில்லை’ போட்டுக்கொண்டிருந்தேன். 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று கல்வி அமைச்சின் ஆய்வு 2020-லேயே சொல்லியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த அட்டவணையைப் போட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அதனால் இந்த முறை புதிய பாடம் எல்லாம் பள்ளியில்தான். பின்னம், அறிவியல் சோதனை, கட்டுரைத் திருத்தம் போன்றவற்றுக்கு ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளையின் முகம் சுளிப்பதைப் பார்த்தால்தான் புரியவில்லை என்று தெரியும். பழகிப் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். காணொளியை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லி, பள்ளியில் பயிற்சி மட்டும் தரும் முறையும் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு அது சரி. பத்து வயதுப் பிள்ளை காணொளியைத் திறந்தால் அடுத்த காணொளி எங்கே கொண்டுபோகும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டு நாளுக்கான பயிற்சித் தொகுப்பை, அதாவது பயிற்றியை, தாளிலேயே முதல் நாள் கையில் கொடுத்து அனுப்புவோம். இயங்கலையில், அதாவது இணையம் வழியாக, மட்டும்தான் நடத்த வேண்டும் என்று அமைச்சின் கையேடும் சொல்லவில்லை. இயங்கலை இல்லாமல் படிப்பதற்கும் அதில் இடமுண்டு. நேரலை வகுப்பு ஒரே ஒரு தடவை, இரவு 8 மணிக்கு அரை மணி நேரம். அதற்குள் பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி திரும்பிவிடும். அதிலும் சேர முடியாத பிள்ளைக்கு மறுநாள் காலையில் ஆசிரியர் தனியாகச் சொல்லித் தருவார். வருகைப் பதிவு பாதிக்காது. நேரலைக்குக் கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமாவில் கணக்கு வேண்டும். கடவுச்சொல் மறந்திருந்தால் (நிச்சயம் மறந்திருக்கும்) இந்த வாரமே சொல்லுங்கள், பொறுப்பாசிரியர் மாற்றித் தருவார்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். தமிழ்ப் பாடப் பகுதியைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கேட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தாலும் சரி. திக்குகிற இடம் அவர் காதுக்கு நன்றாகவே கேட்கும். அப்புறம், பயிற்றியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளை “இன்றியமையாத கடப்பாடு” என்று எழுதினால் யார் எழுதியது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தப்பும் தவறுமாக வரட்டும்; அதைப் பார்த்துத்தான் ஆசிரியர் மறுநாள் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வார்.

வீட்டில் பெரியவர் யாரும் இல்லையென்றால் பிள்ளையைத் தனியே விட வேண்டாம். வீட்டு நாளிலும் பள்ளிக்கே அனுப்புங்கள். மண்டபத்தில் மேசை போட்டு வைக்கிறோம், ஓர் ஆசிரியர் இருப்பார், சிற்றுண்டிச்சாலையும் திறந்திருக்கும். காரணம் எழுத வேண்டியதில்லை. இணைத்திருக்கும் சீட்டில் ‘வருவார்’ என்று குறித்து வியாழனுக்குள் அனுப்பினால் போதும்.

பள்ளி வேன் கட்டணம் பற்றிச் சிலர் கேட்டீர்கள். வேன் ஓட்டுநர்களிடம் பேசினேன். ஒருவர் வீட்டு நாள்களுக்குக் கழித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மற்ற இருவரும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையும் அழைத்துக்கொண்டு புதன்கிழமை மறுபடி பேசப் போகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்