துணைக்கு வந்தவர்களுக்கு ஒரு ராயபுரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூர் வாசகர்கள் ஒரு நாளில் சென்னையைப் பார்ப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். மெரினா, மயிலாப்பூர், எழும்பூர் அருங்காட்சியகம், தியாகராய நகர் என்று வழக்கமான வரிசைதான். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஊர் பார்க்கவா சென்னைக்கு வருகிறோம்? ஆஸ்பத்திரி, கோர்ட், பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஏதோ ஒரு வேலையாக வந்து, அது முடியும்வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அதை ராயபுரத்திலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் என் தம்பியைச் சேர்த்திருந்தோம். துணைக்கு நான் இருந்தேன். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் வெளியேதான். மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் நினைப்பு எங்கெங்கோ போகிறது. அதனால் எழுந்து நடந்தேன். வட சென்னையில் தனியாக நடக்காதே என்று போனிலேயே பயமுறுத்திய உறவினர்களுக்குச் சொல்கிறேன்: தெருவுக்குத் தெரு யாராவது ஒருவர், யார் வீட்டைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்து வழிகாட்டினார்கள். சினிமா காட்டும் ராயபுரம் வேறு, மத்தியான வெயிலில் வாசற்படியில் அமர்ந்து பூக்கட்டும் பெண்களின் ராயபுரம் வேறு.

அந்த மருத்துவமனையை இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஐதர் அலியுடன் நடந்த போரையொட்டிய பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782இல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் அதற்கு வேர். பிறகு அது மருத்துவமனையாக வளர்ந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் வந்தது. வெளியூரிலிருந்து போக்கிடம் இல்லாமல் வந்தவர்களுக்காகப் பிறந்த இடம் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மரத்தடியில் உட்காருவதே எனக்கு வேறுவிதமாக இருந்தது.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் நடந்தே போய்விடும் தூரம்தான். எங்கள் வாலாஜாபேட்டைக்காரர்களுக்கு அந்த நிலையத்தோடு ஒரு சொந்தம் உண்டு. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். சுமார் 100 கிலோமீட்டர் ஓடி வந்து நின்றது எங்கள் வாலாஜா ரோட்டில். பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியது என்றாலும், அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இப்போது இல்லை. ஆகவே நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் ராயபுரம்தான் மூத்தது. சிவப்புச் சுவரும் அதன் முன்னால் வரிசையாக உயர்ந்து நிற்கும் வெள்ளைத் தூண்களுமாக, யாரோ ஒரு ஜமீன்தாரின் மாளிகை போல இருக்கிறது. தூண் நிழலில் ஒதுங்கி, ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளியே தார் உருகும் வெயில். பூச்சு சில்லென்று இருந்தது. மனிதக் குரலே இல்லை. துறைமுகம் பக்கமிருந்து வந்த சரக்கு ரயில் ஒன்று, பெட்டி பெட்டியாகக் கண்டெய்னர்களைச் சுமந்துகொண்டு தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. 1873இல் சென்ட்ரல் வந்தது. 1922இல் ரயில்வே தலைமை அலுவலகமும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு காலத்தில் பட்டணத்துக்கே வாசலாக இருந்த இடத்தில் இன்று மின்சார ரயிலுக்கு நிற்பவர்கள் சிலர்தான். எங்கள் ஊரில் ரயிலேறிப் படிக்கப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று நினைத்து மனம் பொறுக்கவில்லை.

மாதா கோயில் தெருப் பக்கம் நடந்தால் இன்னொரு காலம் தெரிகிறது. துறைமுகம் கட்டாத நாளில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்திலேயே நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மசுலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை; அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளின் சமூகம் எழுப்பிய தேவாலயம்தான் புனித ராயப்பர் கோயில். பட்டணத்தின் வியாபாரம் முழுவதும் ஒரு காலத்தில் அந்த மக்களின் தோள்வலியை நம்பியிருந்தது. ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்த நகரத்தில் அவர்களுக்கென்று இருப்பது அவர்களே கட்டிக்கொண்ட இந்தக் கோயில்தான் என்று தோன்றியது.

அதே வட்டாரத்தில் மேற்கு மாதா கோயில் தெருவில் பாரசீக வழிவந்த பார்சி மதத்தவரின் அக்கினிக் கோயில் இருக்கிறது. 1910இல் கட்டியது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு வேறு அக்கினிக் கோயில் கிடையாது. பதின்மூன்று வயதில் இறந்துபோன மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா என்பவர் எழுப்பியது. மற்ற மதத்தவருக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே நாளுக்கு ஐந்து வேளை சந்தனக் கட்டையிட்டு நெருப்பை அணையாமல் காக்கிறார்கள். மருத்துவமனையில் ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு வந்து அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது, மகனை இழந்த அந்தத் தகப்பனை நினைத்துக் கைகூப்பினேன்.

1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டத்தை அண்ணா நடத்திய ராபின்சன் பூங்காவும் ராயபுரத்தில்தான் இருக்கிறது. அரசியல் பேச நான் வரவில்லை. தமிழ்நாட்டின் போக்கையே மாற்றிய ஓர் இடத்தைத் தாண்டித்தான் நாங்கள் காலையில் இட்லி வாங்கப் போகிறோம் என்பதாவது தெரிய வேண்டாமா?

ஆகஸ்டில் சென்னை தினத்தையொட்டி மரபு நடைகள் நடப்பதைப் படிக்கிறேன். நல்ல காரியம். ஆனால் அவை நகரத்திலேயே இருந்து, முன்பதிவு செய்து, விடுமுறை நாள் அதிகாலையில் வந்து சேரக்கூடியவர்களுக்குத்தான் தோது. ஒரு புதன்கிழமை மத்தியானம் டாக்டர் அழைக்கும்வரை இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறவருக்கு அவற்றால் பயன் இல்லை. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் டீக்கடையில் கிடைக்கும் உங்கள் நாளிதழ்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பெரிய மருத்துவமனைகள், நீதிமன்றம், அரசு அலுவலகங்களைச் சுற்றி ஒரு மணி நேரத்தில் நடந்து பார்த்துத் திரும்பக்கூடிய இடங்களைத் தமிழில் எழுதி, சிறிய வரைபடத்தோடு வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். நிழல் எந்தப் பக்கம், குடிநீர் எங்கே, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று அதில் அவசியம் குறியுங்கள். படம் பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெரியவர்களையே எழுதச் சொல்லுங்கள். தம்பியின் விரல் பயிற்சிக்காக நாங்கள் இன்னும் சில மாதங்கள் ஸ்டான்லிக்கு வந்துபோக வேண்டியிருக்கிறது. அதற்குள் ராயபுரம் பக்கம் வெளியானால், மரத்தடியில் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கூடுதலாகச் சில பிரதிகள் வாங்கிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வாலாஜாபேட்டை.